1986-க்கு ஒரே ஒரு ஆல்பம் என்றால்

ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த வருடம் வந்த ஹெவி மெட்டல் ராக் ஆல்பங்களில் பிடித்தவற்றை ஒன்று முதல் பத்து வரை நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். முதலிடம் யாருக்கு என்பதில் இரண்டு மூன்று நாள் இழுபறி இருக்கும், அப்புறம் முடிந்துவிடும். போன முறை அந்த வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். நான் பட்டியல் போடத் தொடங்குவதற்கு முந்தைய வருடங்களுக்கும் ஒன்று போட்டுப் பார்க்கலாமே என்று 1986-இல் கை வைத்தேன். மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டேன்.

மெட்டல் கேட்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மார்ச் 3 அன்று மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வந்தது. ஜூனில் கேண்டில்மாஸின் 'எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்'. செப்டம்பர் 29 அன்று அயர்ன் மெய்டனின் 'சம்வேர் இன் டைம்'. அக்டோபர் 7 அன்று ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்'. மெகாடெத்தின் 'பீஸ் செல்ஸ்... பட் ஹூஸ் பையிங்?' ஆல்பமும் அதே வருடம்தான். இது போதாதென்று ஜூடஸ் ப்ரீஸ்ட், மோட்டார்ஹெட், ஆஸி ஆஸ்போர்ன், கிங் டயமண்ட், கிரியேட்டர், டார்க் ஏஞ்சல் என்று எல்லோரும் அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள்தான் ஆளுக்கொரு ஆல்பம் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். முதலிடத்தில் ஒரே ஒரு ஆல்பம். 'இரண்டும் சமம்' என்று எழுதி நழுவக் கூடாது.

முதல் நாளே ஒரு தவறு செய்தேன். ஒவ்வொரு ஆல்பத்திலும் அருமையான பாட்டு எத்தனை என்று எண்ணினேன். அப்படி எண்ணினால் ஐந்து நிமிடத்தில் மெட்டாலிகா ஜெயித்துவிடும், வேலை முடிந்தது. ஆனால் நல்ல பாட்டுகளின் தொகுப்பு வேறு, ஆல்பம் வேறு. ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கை தானாக 'அடுத்து' பொத்தானைத் தேடுகிறதா இல்லையா, அதைப் பார்க்க வேண்டும். எனவே மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். ஹெட்ஃபோன், விளக்கை அணைத்த அறை, முதல் பாட்டு முதல் கடைசிப் பாட்டு வரை, தாண்டாமல்.

முதலில் கழிந்தவை

ஜூடஸ் ப்ரீஸ்டின் 'டர்போ' முதல் சுற்றிலேயே வெளியே. 'டர்போ லவர்' இன்றைக்கும் கேட்கச் சுகமான பாட்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருடம் முன்பு 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் த ஃபெய்த்' கொடுத்தவர்கள் கிட்டார் சின்தசைசரைக் கையில் எடுத்துக்கொண்டு, வானொலிக்கு ஏற்ற மாதிரி எல்லா முனைகளையும் தேய்த்து மழுக்கியிருந்தார்கள். அதே வருடம் அதே கருவியை அயர்ன் மெய்டனும் எடுத்தது. அவர்கள் கையில் அது பாட்டின் பின்னால் மூடுபனி மாதிரி நிற்கிறது. ப்ரீஸ்டின் கையில் அதுவே பாட்டாகிவிடுகிறது. ஒரே கருவியை இரண்டு குழுக்கள் என்ன செய்தன என்று பார்க்க இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கலாம். பட்டியலுக்கு அது உதவாது.

கிரியேட்டரின் 'பிளெஷர் டு கில்', டார்க் ஏஞ்சலின் 'டார்க்னஸ் டிசென்ட்ஸ்' இரண்டையும் கழித்தபோது கொஞ்சம் வலித்தது. முதலாவதில் பாடும் மில்லே பெட்ரோஸாவுக்கும், இரண்டாவதில் டிரம்ஸ் வாசித்த ஜீன் ஹோக்லனுக்கும் அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. பின்னால் வந்த, இன்னும் மூர்க்கமான டெத் மெட்டல் வகைக்காரர்கள் இந்த இரண்டிலிருந்தும் அள்ளிக்கொண்டு போனது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இரண்டிலும் எனக்கு வேகம்தான் முதலில் காதில் விழுகிறது, பாட்டு அப்புறம்தான். அதே வேகத்தை அதே வருடம் வேறொரு குழு வேறு மாதிரி கையாண்டது. அதற்கு வருகிறேன்.

மிஞ்சியது ஐந்து.

மெய்டனும் மெகாடெத்தும்

'சம்வேர் இன் டைம்' அட்டைப் படத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டிய ஆல்பம். டெரெக் ரிக்ஸ் வரைந்த அந்த எதிர்கால நகரத்தில் எள் விழ இடமில்லை. மூலைக்கு மூலை பழைய மெய்டன் பாட்டுகளுக்கான குறிப்புகள். ஒரு கடிகாரம் 23:58 காட்டும், நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம். ஓரிடத்தில் கால்பந்து முடிவு ஓடும்: வெஸ்ட் ஹாம் 7, ஆர்சனல் 3. குழுவை நடத்தும் ஸ்டீவ் ஹாரிஸ் வெஸ்ட் ஹாம் ரசிகர் என்பது தெரிந்தால் சிரிப்பு வரும். நான் கேட்டதைவிட அட்டையைப் பார்த்த நேரம் அதிகமோ என்று சந்தேகம் உண்டு.

பாட்டுகளுக்கு வந்தால், இது களைத்துப்போன குழுவின் ஆல்பம். 1984 ஆகஸ்டிலிருந்து 1985 ஜூலை வரை உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள். பாடகர் புரூஸ் டிக்கின்சன் அக்கூஸ்டிக் கிட்டார் சார்ந்த பாட்டுகளோடு வந்தார். மற்றவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் இந்த ஆல்பத்தில் எழுதியவர் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. அந்த இடத்தை நிரப்பியவர் கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித். 'வேஸ்டட் இயர்ஸ்', 'ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்', 'சீ ஆஃப் மேட்னஸ்' மூன்றும் அவருடையவை. 'வேஸ்டட் இயர்ஸ்' என் பத்துப் பாட்டுப் பட்டியலில் எந்த நாளும் இருக்கும். வீட்டைவிட்டு வெகுநாள் வெளியே இருந்தவன் எழுதியது என்று அந்தக் கிட்டார் மெட்டே சொல்லிவிடும்.

ஆனால் முழுசாகக் கேட்கும்போது 'ஹெவன் கேன் வெய்ட்' எனக்கு இழுக்கிறது. கடைசிப் பாட்டான 'அலெக்சாண்டர் த கிரேட்' இசையில் பிரமாதம், வரிகளில் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடம். எந்த வருடம் எந்தப் போர் என்று வரிசையாக ஒப்பிக்கிறார்கள், தேர்வுக்குப் படித்த மாதிரி. அப்படியும் ரசிகர்கள் அதை மேடையில் கேட்கத் தவமிருந்தார்கள். 2023 சுற்றுப்பயணத்தில்தான் முதல் தடவையாக வாசித்தார்கள், 37 வருடம் கழித்து. மெட்டலே கேட்டிராத ஒருவர் இந்த ஐந்தில் எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் கொடுப்பேன். மெட்டு காதில் ஒட்டும், பாடகர் பாடுவார், கத்த மாட்டார். முதலிடத்துக்கு அது மட்டும் போதாது.

இந்த மூன்று மாதத்தில் நான் அதிகம் மாற்றி மாற்றி மதிப்பிட்டது மெகாடெத்தின் ஆல்பத்தைத்தான். ஒரு வாரம் இரண்டாமிடம், அடுத்த வாரம் ஐந்தாமிடம். குழுவைத் தொடங்கிய டேவ் மஸ்டெய்ன் 1983-இல் மெட்டாலிகாவிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அந்தக் கோபத்தில் பிறந்த குழு என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கோபத்தைவிட சுவாரசியமாகப் படுவது வேறு. லீட் கிட்டார் வாசித்த கிறிஸ் போலண்டும் டிரம்ஸ் வாசித்த கார் சாமுவெல்சனும் ஜாஸ் ஃபியூஷன் பக்கமிருந்து வந்தவர்கள். அதனால் இந்த ஆல்பத்தில் தாளம் மற்ற த்ராஷ் (அதிவேக மெட்டல்) குழுக்கள் மாதிரி ஆணி அடிப்பதில்லை, வளைந்து கொடுக்கிறது. 'வேக் அப் டெட்' என்கிற முதல் பாட்டைக் கேளுங்கள். பாடும் பகுதி மிகக் கொஞ்சம். திருட்டுத்தனமாக வீட்டுக்குள் நுழைபவன் நாலு வார்த்தை முணுமுணுக்கிறான், உடனே ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு), ஒரு சோலோ (தனி வாசிப்பு), இன்னொரு ரிஃப். வழக்கமான பல்லவி, சரணம் எதுவும் இல்லை. இதை முதல் பாட்டாக வைக்க ஒரு திமிர் வேண்டும்.

தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் வரும் பேஸ் கிட்டார் வரி, டேவிட் எல்லெஃப்சன் வாசித்தது, பல வருடம் எம்டிவி செய்தியின் அடையாள இசையாக ஓடியது. அட்டையில் எட் ரெப்கா வரைந்த ஓவியம்: குண்டு விழுந்து சிதைந்த ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடத்தின் முன்னால், 'விற்பனைக்கு' என்ற பலகையின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கும் எலும்புக்கூட்டுத் தரகர். பனிப்போர்க் காலத்து நக்கல், இன்றைக்கும் பழசாகவில்லை.

அப்புறம் ஏன் ஐந்தாமிடம் வரை இறங்கியது? மொத்தம் 36 நிமிடம்தான் ஆல்பம். அதில் வில்லி டிக்சன் எழுதிய பழைய ப்ளூஸ் பாட்டு ஒன்றை எடுத்து வாசித்திருக்கிறார்கள். நண்பர்கள் கூடி வாசிக்கும்போது ஜாலியாக இருந்திருக்கும். எனக்கு அங்கே கை பொத்தானுக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும். விதி விதிதான்.

மெதுவாக வந்தவர்கள்

1986-இல் மெட்டல் உலகம் முழுக்க யார் அதிக வேகம் என்ற போட்டி நடந்துகொண்டிருந்தபோது, ஸ்டாக்ஹோமில் லெய்ஃப் எட்லிங் என்ற பேஸ் கிட்டாரிஸ்ட் மெட்டலின் முன்னோடியான பிளாக் சபாத்தின் மெதுவான பாட்டுகளைவிடவும் மெதுவாக எழுதிக்கொண்டிருந்தார். ஆறு பாட்டு. பாடுவதற்கு நிரந்தரமாக ஆள் இல்லை. யோஹான் லாங்க்விஸ்ட் என்பவரை ரெக்கார்டிங்குக்கு மட்டும் கூப்பிட்டார்கள். அவர் வந்தார், பாடினார், போய்விட்டார். ஆல்பம் விற்கவில்லை, கம்பெனி குழுவைக் கைவிட்டது. அடுத்த வருடம் மெசையா மார்கோலின் என்ற பாடகரோடு வேறு கம்பெனியில் 'நைட்ஃபால்' வந்தபோதுதான் கேண்டில்மாஸ் என்ற பெயர் வெளியே தெரிந்தது. இந்த முதல் ஆல்பத்தின் தலைப்பிலிருந்துதான் 'எபிக் டூம்' என்று ஒரு வகைக்கே பெயர் வந்தது. லாங்க்விஸ்ட் 2018-இல் திரும்பி வந்தார். அவரோடு அடுத்த வருடம் போட்ட ஆல்பத்தில் சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமியே ஒரு பாட்டுக்கு சோலோ வாசித்துக் கொடுத்தார். எழுதுபவனுக்கு இப்படி ஒரு கதை கிடைத்தால் கை சும்மா இருக்காது. அதனாலேயே நான் என்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கதைக்கு மதிப்பெண் கிடையாது.

கதையை விட்டுவிட்டுக் கேட்டாலும் 'சாலிட்யூட்' என்னை உட்கார வைத்துவிடுகிறது. ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், அதன் மேல் தாழ்ந்த குரலில் ஒருவர் தன் சாவைப் பற்றிப் பேசுகிறார். குரல் கெஞ்சவில்லை, முடிவெடுத்துவிட்ட குரல். அப்புறம் முழுக் குழுவும் விழுகிறது. 'நுழைகிறது' என்று சொல்ல மனம் வரவில்லை, விழுகிறது. ஒவ்வொரு கிட்டார் கார்டும் அடுத்தது வருவதற்குள் ஆற நேரம் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு மெதுவான தாளத்தில் தப்பு செய்தால் மறைக்க இடமே இல்லை. வேகமாக வாசிப்பதைவிட இது கஷ்டம் என்று டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருவர் சொல்வார்.

குறை என்றால், நடுப் பாட்டுகளில் மந்திரவாதி, மந்திரக் கண்ணாடிக் கோளம், சாத்தான் வாசல் என்று ஒரே மாயாஜாலமாகப் போகிறது. 'சாலிட்யூட்' தொட்ட இடத்தை வேறு எந்தப் பாட்டும் தொடவில்லை. இன்னொன்று, இதற்கு மனநிலை வேண்டும். நல்ல நாளில் போட்டால் நாளைக் கெடுக்கும், கெட்ட நாளில் போட்டால் இன்னும் கெடுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் கிடைத்தால் இதைவிட நல்ல துணை கிடையாது.

இனி அந்த இரண்டு

உண்மையான சண்டை இங்கேதான். என் நண்பன் ஒருவன் தீவிர மெட்டாலிகா ரசிகன். விஷயத்தைச் சொன்னபோது, "இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றான். அந்தக் கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது.

'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 1985 செப்டம்பரிலிருந்து டிசம்பர் கடைசி வரை கோபன்ஹேகனில் தயாரிப்பாளர் ஃப்ளெமிங் ராஸ்முசனோடு ரெக்கார்டிங் செய்யப்பட்டது. எட்டுப் பாட்டு, 54 நிமிடம் 47 வினாடி. அட்டையில் கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு வெள்ளைச் சிலுவையிலும் ஒரு கயிறு, கயிறுகள் எல்லாம் மேலே வானத்திலிருக்கும் இரண்டு கைகளில். பாட்டுகளும் அப்படித்தான். போதை ஒருவனை ஆட்டுகிறது, மனநல விடுதி ஒருவனை, ராணுவம் ஒருவனை, போலிப் போதகர் ஒரு கூட்டத்தை. எல்லாப் பாட்டிலும் கயிறு வேறொருவர் கையில். 'கான்செப்ட் ஆல்பம்' என்று சொல்லிக்கொள்ளாமலேயே ஒரு கருத்தைச் சுற்றி வருகிறது.

தலைப்புப் பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இந்த முறை ஒரு காரியம் செய்தேன்: பாடும் பகுதிக்குக் கீழே ஓடும் ரிஃபுக்கு மேஜையில் விரலால் தாளம் போட்டு எண்ணினேன். மூன்று சுற்று சரியாக வரும். நான்காவது சுற்று முழுசாக முடியாமல் வெட்டிக்கொண்டு அடுத்ததற்குத் தாவும். விரல் தடுமாறும். எட்டரை நிமிடப் பாட்டில் அந்தச் சின்ன வெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. யாரோ கயிற்றைச் சுண்டி இழுக்கிற மாதிரி. வேண்டுமென்று அந்தப் பொருளில் செய்தார்களா, கை போன போக்கில் வந்ததா, எனக்கு அக்கறை இல்லை. வேலை செய்கிறது. பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் இதை முழுக்கக் கீழ்நோக்கிய அடியாகவே வாசிக்கிறார், மேல்நோக்கி ஒரு தட்டுகூட இல்லாமல். கிட்டார் தெரிந்தவர்கள் ஒரு நிமிடம் முயன்று பாருங்கள், முன்கை பதில் சொல்லும். அப்புறம் நடுவில் எல்லாம் அடங்கி, இரண்டு கிட்டார்கள் கைகோத்து நடக்கும் அந்த இடைவெளி. அங்கே வரும் முதல் சோலோ லீட் கிட்டாரிஸ்ட் கிர்க் ஹாமெட் வாசித்தது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அது ஹெட்ஃபீல்ட்.

'ஓரியன்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரிகளே இல்லாத எட்டரை நிமிடம். நடுவில் பேஸ் மட்டும் தனியாக நடக்கத் தொடங்கும் இடத்தில் கிளிஃப் பர்ட்டன் தெரிவார். கிட்டார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு சோலோவும் அவருடைய பேஸ்தான். செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் சுற்றுப்பயணப் பேருந்து கவிழ்ந்து அவர் இறந்தபோது வயது 24. இரண்டு நாள் கழித்து மெய்டன் ஆல்பம் வருகிறது, பத்து நாள் கழித்து ஸ்லேயர் ஆல்பம் வருகிறது. அந்தப் பதினோரு நாளை காலண்டரில் பார்த்தபோது கொஞ்ச நேரம் எதுவும் எழுத ஓடவில்லை.

இங்கேதான் நேர்மையாக இருக்க வேண்டியிருக்கிறது. 'ஓரியன்' கேட்கும்போது நான் பாட்டைக் கேட்கிறேனா, இழப்பைக் கேட்கிறேனா? இந்த ஆல்பத்துக்கு நாற்பது வருடமாக வெளியிலிருந்து மதிப்பெண் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிப்பதிவுக் காப்பகத்தில் இடம்பிடித்த முதல் மெட்டல் ஆல்பம் இது. 2022-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் தலைப்புப் பாட்டை எடுத்துப் போட்டதும் புதுத் தலைமுறையே அதைத் தேடி வந்தது. இதெல்லாம் 1986-க்குப் பிறகு வந்த மாலைகள். மாலையைக் கழற்றிவிட்டுத்தான் எடை போட வேண்டும்.

கழற்றினால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, வார்ப்பு. 1984-இல் வந்த 'ரைட் த லைட்னிங்' ஆல்பத்தைப் பக்கத்தில் வையுங்கள். அமைதியான கிட்டாரில் ஏமாற்றி ஆரம்பித்துப் பாயும் முதல் பாட்டு. இரண்டாவதாகத் தலைப்புப் பாட்டு. நான்காவதாக மெதுவாகத் தொடங்கி வெடிக்கும் சோகப் பாட்டு. கடைசிப் பக்கத்தில் வரிகளற்ற நீண்ட பாட்டு. 'மாஸ்டர்', 'பேட்டரி' என்கிற முதல் பாட்டிலிருந்தே, அதே அச்சில் வார்த்தது. இன்னும் நல்ல வார்ப்பு, சந்தேகமில்லை, ஆனால் அச்சு பழையது. இரண்டு, மூன்றாவது பாட்டான 'த திங் தட் ஷுட் நாட் பீ'. கனமான ரிஃப், ஆனால் ஆறரை நிமிடம் அதைச் சுமக்க அந்தப் பாட்டில் தெம்பு இல்லை. என் கை பொத்தானுக்குப் போகவில்லை என்று சொன்னால் பொய். போனது, விதிக்காகத் திரும்பி வந்தது.

ஸ்லேயருக்கு வருவோம். பத்துப் பாட்டு, மொத்தம் 29 நிமிடம். மெட்டாலிகாவை ஒரு தடவை கேட்டு முடிக்கிற நேரத்தில் இதை ஏறக்குறைய இரண்டு தடவை கேட்டுவிடலாம். கேசட்டாக வந்தபோது முழு ஆல்பமும் ஒரே பக்கத்தில் அடங்கியது. மறுபக்கத்திலும் அதையே திரும்பப் பதிந்திருந்தார்கள். புரட்டிப் போட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அரை மணி நேரம்கூட இல்லையே, பரவாயில்லையா என்று குழு கேட்டபோது, பத்துப் பாட்டு இருக்கிறது, அப்படியென்றால் ஆல்பம்தான் என்பது தயாரிப்பாளர் ரிக் ரூபின் சொன்ன பதிலாம்.

அந்த ரூபின் மெட்டல் ஆள் இல்லை. ஹிப்ஹாப் கம்பெனியான டெஃப் ஜாம் நடத்தியவர். வந்தவர் முதலில் செய்தது எதிரொலியைத் துடைத்தெடுத்தது. ஒரு வருடம் முந்தைய 'ஹெல் அவெய்ட்ஸ்' ஒரு குகைக்குள் வாசித்த மாதிரி கேட்கும். அதில் பாட்டுகளும் நீளம். இதில் டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. அவ்வளவு வேகத்திலும் டேவ் லொம்பார்டோவின் இரண்டு கால்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. மேலே சொன்னேனே, கிரியேட்டரிலும் டார்க் ஏஞ்சலிலும் வேகம்தான் முதலில் கேட்கிறது என்று. இங்கே அதே வேகம், ஆனால் ஒவ்வொரு ரிஃபும் சுத்தமாகக் கேட்கிறது. வாசிப்பு எந்த அளவுக்கோ, மிச்சம் வைக்காத அந்தச் சத்தமும் அதே அளவுக்குக் காரணம்.

சரி, சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாட்டு 'ஏஞ்சல் ஆஃப் டெத்', ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகள் மேல் சோதனைகள் நடத்திய யோசஃப் மெங்கலேவைப் பற்றியது. கிட்டாரிஸ்ட் ஜெஃப் ஹன்னமன் எழுதிய வரிகள் அவன் செய்ததை அடுக்கிக்கொண்டே போகின்றன. கண்டிக்கும் வாசகம் என்று நேராக எதுவும் இல்லை. அட்டைப்படத்தையும் இந்தப் பாட்டையும் காரணம் காட்டி கொலம்பியா கம்பெனி விநியோகிக்க மறுத்தது, கெஃபன் என்ற இன்னொரு கம்பெனி வழியாகத்தான் வெளியே வந்தது. நாஜி அனுதாபம் என்ற குற்றச்சாட்டைக் குழு எப்போதும் மறுத்தே வந்திருக்கிறது, நானும் அதை நம்புகிறேன். ஆனாலும் அந்தப் பாட்டைக் கூட யாராவது இருக்கும்போது போட எனக்குக் கை வராது. பாடகர் டாம் அராயாவின் அந்த முதல் அலறலை ரசிக்கும்போதே எதைப் பற்றிய அலறல் என்பதும் உறைக்கிறது. இதை ஒரு குறையாகவே எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொரு குறையைச் சோதித்தே பார்த்தேன். இரண்டு ஆல்பத்தையும் கலைத்துப் போட்டு, ஒவ்வொரு பாட்டின் நடுவிலிருந்தும் பத்து வினாடி மட்டும் கேட்டுப் பெயர் சொல்ல வேண்டும். மெட்டாலிகாவின் எட்டிலும் தப்பே இல்லை. ஸ்லேயரின் பத்தில் நான்கைத் தவறவிட்டேன். 'ரீபார்ன்' வந்தபோது 'எபிடெமிக்' என்றேன். 'எபிடெமிக்' வந்தபோது சும்மா இருந்தேன். பல வருடமாகக் கேட்கிற ஆல்பம்! நண்பனிடம் சொன்னபோது, "அப்ப முடிஞ்சுதுல்ல?" என்றான்.

முடியவில்லை. அன்று இரவு ஸ்லேயரை மறுபடி வரிசையாகப் போட்டேன். 'ஆல்ட்டர் ஆஃப் சாக்ரிஃபைஸ்' முடிகிறது என்று நினைக்கும்போதே இடைவெளியில்லாமல் 'ஜீசஸ் சேவ்ஸ்' தொடங்கிவிட்டது. கடைசியில் 'போஸ்ட்மார்ட்டம்' அப்படியே 'ரெய்னிங் பிளட்' உள்ளே போகிறது. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் மட்டும் நான்கு நிமிடத்தைத் தாண்டுகின்றன. நடுவில் இருப்பவை குட்டிக் குட்டி, 'நெக்ரோஃபோபிக்' இரண்டு நிமிடம்கூட இல்லை. அப்போதுதான் என் சோதனையிலேயே கோளாறு என்று தெரிந்தது. இரண்டு பெரிய தூண்களுக்கு நடுவே இருப்பவை எட்டுத் தனிப் பாட்டுகள் இல்லை. எட்டாகப் பெயர் வைத்த ஒரே ஓட்டம். ஓடுகிற ஆற்றில் ஒரு குடத்தை மொண்டு, இது எந்தப் படித்துறைத் தண்ணீர் என்று கேட்டால் என்ன சொல்வது? நான் பெயர் மறந்த அந்த நான்கு பாட்டிலும் ஒரு தடவைகூட என் கை பொத்தானுக்குப் போகவில்லை.

சின்ன ஆல்பத்தில் குறையில்லாமல் இருப்பது சுலபம்தானே என்பது நண்பனின் அடுத்த வாதம். நியாயமான வாதம்தான். 55 நிமிடத்தைத் தாங்கிப் பிடிப்பது பெரிய காரியம், மெட்டாலிகா பெரும்பாலும் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் நீளமாக எழுதத் தெரிந்த குழுதான் ஸ்லேயரும். முந்தைய ஆல்பமே சாட்சி. அடுத்த அடியை எதிர்பார்த்து எல்லோரும் பாட்டை நீட்டிக்கொண்டிருந்த வருடத்தில் இவர்கள் வெட்டினார்கள். எதை வெட்ட வேண்டும் என்பது சரியாகத் தெரிந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து பப்ளிக் எனிமி என்ற ஹிப்ஹாப் குழு 'ஏஞ்சல் ஆஃப் டெத்' நடுவில் வரும் ரிஃபை வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டில் பயன்படுத்தியது. அந்தத் துண்டு அங்கேயும் ஜம்மென்று உட்கார்ந்தது.

நோட்டில் கடைசியாக எழுதியது இது: ஒன்று, 'ரெய்ன் இன் பிளட்'. இரண்டு, 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. மூன்று, கேண்டில்மாஸ். நான்கு மெகாடெத், ஐந்து மெய்டன். ஆறிலிருந்து பத்து வரை பென்சிலில்தான் இருக்கிறது. பாட்டு பாட்டாகக் கேட்பவர்கள் முதல் இரண்டை இடம் மாற்றிக்கொள்ளலாம், சண்டைக்கு வர மாட்டேன். வரிகளோடு ஒன்றிக் கேட்பவர்களும் மெட்டாலிகாவிடம் போவதே நல்லது. ஸ்லேயரின் வரிகள் அந்த அளவுக்கு உங்களைத் தாங்காது. கேண்டில்மாஸை மூன்றாமிடத்தில் வைத்ததுதான் எனக்கே கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது, மழைக்காலத்தில் திரும்பப் பார்க்க வேண்டும்.

எழுதி முடித்துவிட்டு, முடிவைச் சரிபார்க்க 'ரெய்ன் இன் பிளட்' இன்னொரு தடவை ஓடியது. கடைசிப் பாட்டு உச்சத்தில் ஒரே கூச்சலாகி, பட்டென்று அறுந்து, மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அதுவும் ஓய்ந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றுவதற்குள் ஆப் தானாகவே அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுத்துப் போட்டது. மெல்லிய அக்கூஸ்டிக் கிட்டார், ஒன்றன்மேல் ஒன்றாக. 'பேட்டரி'. நிறுத்தவில்லை.